கூண்டுக்கும் நுண்ணோக்கிக்கும் இடையில்: உயிரியல் பூங்கா ஆய்வுக்கூடப் பணியும் காரைக்கால் தலித் மாணவரின் கேள்வியும்

காரைக்கால் மாவட்டம் நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்த குடியிருப்பு ஒன்றில் நாங்கள் நடத்திய சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தின் முடிவில் ஒரு மாணவி எழுந்தார். "அக்கா, நான் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடிக்கப்போகிறேன். வண்டலூர் உயிரியல் பூங்காவில் லேப் டெக்னீஷியன் வேலை வந்தால், என்னுடைய எஸ்.சி. சான்றிதழ் அங்கே செல்லுமா?" என்று கேட்டார். பின்வரிசையில் அமர்ந்திருந்த அவருடைய சித்தப்பா குறுக்கிட்டு, "மிருகக்காட்சி சாலைன்னா சாணி அள்ளுற வேலைதானே, அதுக்கு எதுக்கும்மா படிப்பு?" என்றார். கூட்டம் சிரித்தது. மாணவி சிரிக்கவில்லை.

மாணவி கேட்டது சட்டக் கேள்வி. சித்தப்பா கேட்டது தலைமுறைகளின் அனுபவத்திலிருந்து வந்த கேள்வி. விலங்கின் சாணத்தையும் பிணத்தையும் தொடும் வேலை எதுவாக இருந்தாலும் அது தம் மக்களுக்கு எந்தப் பெயரில் வந்து சேரும் என்பதை அவர் அறிவார். இவ்விரண்டு கேள்விகளுக்கும் அன்று எங்களால் முழுமையாக விடை கூற இயலவில்லை. காரைக்காலில் உயிரியல் பூங்கா இல்லை. ஆயினும், இம்மாவட்டத்துத் தலித் மாணவர்கள் ஒரு பூங்காவின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய முயன்றால் எந்தெந்தக் கதவுகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை விளக்குவது அவசியம் என்று கருதுகிறோம். அக்கதவுகள் உயிரியல் பூங்காவுக்கு மட்டும் உரியவையும் அல்ல.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன?

முதலில் சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். மனிதர் நோயுற்றால் எங்கே வலிக்கிறது என்று சொல்வார். காட்டு விலங்கு சொல்லாது என்பது மட்டுமன்று. நோயை மறைக்கவும் செய்யும். பலவீனத்தை வெளிக்காட்டும் விலங்கு காட்டில் பிழைப்பதில்லை. கூண்டுக்குள் வந்த பிறகும் அவ்வியல்பு மாறுவதில்லை. ஆகவே புலி உண்ணாமல் படுத்துவிட்டது என்று நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். அதற்கு முன்பே அதைக் காட்டித்தரக்கூடியவை அதன் எச்சம், சிறுநீர், இரத்தம் ஆகியவையே.

இவற்றுள் மயக்க ஊசி செலுத்தாமல், விலங்கைத் தொடாமல் நாள்தோறும் பெறக்கூடியது சாணம் ஒன்றே. விலங்குக் காப்பாளர் காலையில் கூண்டைச் சுத்தம் செய்யும்போது, மண்ணோடு ஒட்டாத புதிய பகுதியிலிருந்து சிறிதளவு எடுத்து, விலங்கின் பெயரும் கூண்டு எண்ணும் நேரமும் எழுதிய குப்பியில் இடுகிறார். ஆய்வுக்கூடத்தில் அது கண்ணாடிச் சில்லில் நேரடியாகவும், செறிவான உப்புக்கரைசலில் மிதக்கவிட்டும், நீரில் படியவைத்தும் பார்க்கப்படுகிறது. எடை குறைந்த புழுமுட்டைகள் மிதக்கும். எடை மிகுந்தவை படியும். எந்த முட்டை எதனுடையது, எவ்வளவு இருந்தால் மருந்து தேவை என்பதைக் கண்டறியப் பயின்ற கண் வேண்டும்.

இரத்தப் பரிசோதனை இதனினும் நுட்பமானது. மனித இரத்தச் சிவப்பணுவில் உட்கரு இல்லை. பறவைகள், ஊர்வன ஆகியவற்றின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு. மனித இரத்தத்துக்கென வடிவமைக்கப்பட்ட தானியங்கி எண்ணிக் கருவியில் மயிலின் இரத்தத்தைச் செலுத்தினால், அக்கருவி சிவப்பணுக்களையும் வெள்ளையணுக்களாக எண்ணிவிடும். எனவே கட்டம் போட்ட கண்ணாடி அறையில் இரத்தத்தை இட்டு, நுண்ணோக்கியின் கீழ் கையால் எண்ண வேண்டியுள்ளது. மனிதருக்குரிய இயல்பு அளவுகளும் இங்கே பயன்படா. ஒவ்வோர் இனத்துக்கும், சில வேளைகளில் ஒவ்வொரு தனி விலங்குக்கும், நலமாக இருந்தபோது எடுத்த அளவுகளே ஒப்பீட்டுக்கு உதவும். பத்தாண்டுகளுக்கு முன் ஒருவர் ஒழுங்காக எழுதி வைத்த பதிவேடு இன்று ஒரு விலங்கின் உயிரைக் காக்கக்கூடும்.

2000-ஆம் ஆண்டு ஜூலையில் ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் மடிந்தன. டிரிபனோசோமா என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியால் வரும் நோயே காரணமாகக் கூறப்பட்டது. கடிக்கும் ஈக்களால் பரவும் அந்த ஒட்டுண்ணி, சாயமேற்றிய இரத்தப் பூச்சில் சாதாரண நுண்ணோக்கியிலேயே தென்படக்கூடியது. உரிய காலத்தில் இரத்தத்தை எடுத்துப் பார்க்கும் ஒருவர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டின் அளவு இதுதான். சித்தப்பாவுக்கு எங்கள் முதல் விடை: அந்த வேலைக்குப் படிப்பு வேண்டும், நிறையவே வேண்டும்.

வண்டலூர், 2021

அந்த மாணவி வண்டலூரைக் குறிப்பிட்டது தற்செயல் அன்று. 1855-இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய விலங்குச் சேகரத்தின் வழிவந்ததே இன்றைய அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்ட அது சுமார் 600 ஹெக்டேரில் விரிந்துள்ளது. பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது, அவ்வளவு பரந்த பூங்காவின் பாதுகாப்பு ஒரு பஞ்சுக்குச்சியின் நுனியில் நின்றது.

2021 மே மாத இறுதியில் அங்குள்ள சிங்கங்கள் சில உணவைத் தவிர்த்தன, அவ்வப்போது இருமின. 11 சிங்கங்களிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. 9 சிங்கங்களுக்குக் கொரோனா தொற்று இருப்பது தெரியவந்தது. ஜூன் 3-ஆம் நாள் நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கமும், ஜூன் 16-ஆம் நாள் பத்மநாதன் என்ற 12 வயது ஆண் சிங்கமும் இறந்தன. மரபணு வரிசைப் பகுப்பாய்வில், அப்போது மனிதரிடையே பேரழிவை உண்டாக்கிய டெல்டா வகையே சிங்கங்களிடமும் இருந்தது உறுதியானது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஹைதராபாத் நேரு உயிரியல் பூங்காவின் 8 சிங்கங்களுக்குத் தொற்று இருப்பதை அந்நகரின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் கண்டறிந்திருந்தது.

இச்செய்திகளில் சிங்கங்களின் பெயர்கள் நாடெங்கும் பரவின. சிங்கம் இருமியதைக் கவனித்த காப்பாளர், மாதிரியை எடுத்தவர், அதை மும்மடிப்பு உறையிலிட்டுக் குளிர் குறையாமல் மூடி முத்திரையிட்டவர், ஊரடங்கு நாளில் அதைப் போபாலுக்கு அனுப்பும் வழியைக் கண்டவர் ஆகியோர் செய்தியில் இல்லை. குளிர் தவறினாலோ பெயர்ச்சீட்டு மாறினாலோ போபாலின் உயர்தரக் கருவிகளால் பயனில்லை. 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தபோதும், 2025 மே மாதத்தில் கோரக்பூர் பூங்காவில் ஒரு பெண்புலி இறந்தபோதும், பறவைக் காய்ச்சல் வைரஸே காரணம் என்று உறுதிப்பட்டதும் இவ்வாறு அனுப்பிய மாதிரிகளின் வழியாகவே. விலங்கிலிருந்து மனிதருக்கும் மனிதரிலிருந்து விலங்குக்கும் நோய் தாவும் காலத்தில், பூங்கா ஆய்வுக்கூடம் ஊரின் பொதுச் சுகாதாரத்துக்குக் காவல் நிற்கும் இடமாகிறது.

ஒரே சாணம், இரண்டு பெயர்கள்

இப்போது சாதியின் கேள்விக்கு வருகிறோம். கூண்டில் சாணத்தை அள்ளும் கையும், அதே சாணத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவும் கையும் செய்வது ஒரே நோயறி பணியின் இரண்டு படிகள். முதல் படியில் தவறு நேர்ந்தால் இரண்டாம் படி வீண். ஆனால் முதல் படிக்குத் 'துப்புரவு' என்று பெயர். இரண்டாம் படிக்கு 'அறிவியல்' என்று பெயர். முதலாவதற்கு நாட்கூலி, இரண்டாவதற்கு ஊதிய விகிதம். முதலாவதில் கையுறை கேட்டுப் பெற வேண்டும். இரண்டாவதில் அது மேசைமேல் இருக்கும். பெயர்தான் கூலியையும் பாதுகாப்பையும் மதிப்பையும் முடிவு செய்கிறது. அழுக்கு என்று பெயரிடப்பட்ட வேலைக்கு யார் அழைக்கப்படுவார்கள் என்பதை நம் சமூகத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிணக்கூறாய்வுக் கூடத்தில் இது மேலும் கூர்மையாகிறது. பூங்காவில் ஒரு விலங்கு இறந்தால் உடற்கூறாய்வு செய்து, உறுப்புகளின் மாதிரிகளை எடுத்து, காரணத்தைப் பதிய வேண்டும். பின்னர் உடல் எரிக்கப்படும் அல்லது புதைக்கப்படும். மருத்துவர் அறுத்துப் பார்க்கிறார். தொழில்நுட்பர் மாதிரிகளைப் பாதுகாக்கிறார். உடலைத் தூக்கிச் செல்பவர் ஒருவர், குழி தோண்டுபவர் ஒருவர் இருப்பார். ஒவ்வொரு முறையும் அந்த ஒருவர் யார்?

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகள் தடுப்புச் சட்டம் இக்கேள்வியை நேரடியாகவே எழுப்புகிறது. 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அதன் பிரிவு 3(1)(i), பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை மனிதப் பிணத்தையோ விலங்கின் பிணத்தையோ அகற்றவும் சுமக்கவும், அல்லது குழி தோண்டவும் கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக வரையறுக்கிறது. எல்லா ஊழியரும் முறைவைத்துப் பங்கேற்கும், உரிய கருவிகளும் பயிற்சியும் உள்ள ஓர் அறிவியல் பணியை இப்பிரிவு தடுக்கும் என்று நாங்கள் கருதவில்லை. ஆனால் பணிப் பட்டியலில் வேறொரு வேலைக்கு அமர்த்தப்பட்ட தலித் ஊழியரை, அவர் இன்னார் என்பதாலேயே பிணம் சுமக்கக் கூப்பிடும் வழக்கம் எங்கு இருந்தாலும், அது பூங்காவானாலும் கால்நடை மருத்துவமனையானாலும், இப்பிரிவின் பார்வைக்கு உட்பட்டது.

எனவே நமது கோரிக்கை இரண்டு திசைகளில் செல்ல வேண்டும். நம் பிள்ளைகள் நுண்ணோக்கியின் முன் அமர வேண்டும். அதே வேளையில், கூண்டில் நிற்கும் நம் உறவினரின் உழைப்பும் நோயறி பணி என்று ஏற்கப்பட வேண்டும். முதலாவதை மட்டும் கேட்டால் ஒரு குடும்பம் படியேறும். படிக்கட்டு அப்படியே இருக்கும்.

பூவம் தாண்டினால் சாதி மாறுமா?

மாணவியின் கேள்விக்கு வருவோம். காரைக்கால் வங்கக் கடலும் தமிழ்நாடும் சூழ்ந்த ஒரு துண்டு நிலம். புதுச்சேரி நகரம் சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனால் வடக்கே பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடி. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். பெண் கொடுப்பதும் எடுப்பதும், நடவுக்கும் அறுப்புக்கும் போவதும், துக்க வீட்டுக்குச் செல்வதும் எல்லை தாண்டியே நடக்கின்றன. தீண்டாமையும் எந்தச் சோதனைச்சாவடியிலும் நிற்பதில்லை. சாதிச் சான்றிதழ் மட்டும் நிற்கிறது.

காரணம் அரசமைப்புச் சட்டத்தின் 341-ஆம் உறுப்பு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்றியப் பகுதிக்கும் தனித்தனியே பட்டியல் சாதிகளைக் குடியரசுத் தலைவர் அறிவிக்கிறார். ஒரு சாதி, எந்த மாநிலத்தைப் பொறுத்து அறிவிக்கப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கே பட்டியல் சாதியாகும். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954-இல் நடைமுறையிலும் 1962-இல் சட்டப்படியும் விடுபட்ட பகுதிகளுக்கென, 1964-இல் புதுச்சேரிப் பட்டியல் சாதிகள் ஆணை வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டின் பட்டியல் தனி. இரண்டிலும் ஒரே சாதிப் பெயர் இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அவை வெவ்வேறு.

1990-இல் மர்ரி சந்திர சேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தத் தகுதியைக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. 2018 ஆகஸ்டில் பீர் சிங் எதிர் டெல்லி ஜல் போர்டு வழக்கில் மற்றோர் அரசியல் சாசன அமர்வு அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு ரஞ்சனா குமாரி வழக்கில், திருமணத்தால் மாநிலம் மாறிய பெண்ணுக்கும் இவ்விதியே பொருந்தும் என்றாயிற்று. தரங்கம்பாடியிலிருந்து கோட்டுச்சேரிக்கு மருமகளாக வந்த பெண்ணும், திருநள்ளாற்றிலிருந்து பேரளத்துக்குச் சென்ற பெண்ணும், பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இடஒதுக்கீட்டு உரிமையை இழக்கிறார்கள்.

ஆகவே விடை இது. வண்டலூர் பூங்கா தமிழ்நாடு அரசின் வனத்துறையின் கீழ் இயங்குகிறது. பணி விதிகளில் உள்ள கல்வித் தகுதியும் பிற தகுதிகளும் இருந்தால், காரைக்கால் மாணவி இந்தியக் குடிமகள் என்ற முறையில் அங்கே விண்ணப்பிக்கலாம். பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக்கி அரசு வேலையை மறுப்பதை 16(2) உறுப்பு தடுக்கிறது. ஆனால் தமிழ்நாடு பட்டியல் சாதியினருக்கு வழங்கும் 18 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் அவர் இடம்பெற முடியாது. பொதுப் பிரிவிலேயே போட்டியிட வேண்டும்.

மறுபுறம், மத்திய அரசின் நிறுவனங்கள் அனைத்திந்திய அளவில் நேரடியாக நிரப்பும் பணியிடங்களுக்கு அவருடைய சான்றிதழ் செல்லும். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழுள்ள டெல்லி தேசிய உயிரியல் பூங்கா, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழுள்ள போபால் நிறுவனம், ஹைதராபாத் மையம், காரைக்காலிலேயே கிளை வைத்திருக்கும் ஜிப்மர் ஆகியவை இவ்வகையின. பேருந்தில் சில மணி நேரத்தில் சென்றடையும் பூங்காவில் செல்லாத சான்றிதழ், இரண்டு நாள் இரயில் பயணத்துக்கு அப்பால் உள்ள பூங்காவில் செல்கிறது.

இதை ஒரு மாநில அரசு தனது அரசாணையால் சரிசெய்ய முடியாது. பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் உண்டு என்பது 341(2). தன் பட்டியலுக்கு வெளியே உள்ளோருக்குப் பயனை விரிக்க விரும்பும் மாநிலம், மத்திய அரசிடம் வலியுறுத்தி நாடாளுமன்றத் திருத்தத்தைப் பெற வேண்டும் என்று பீர் சிங் தீர்ப்பே வழியையும் சொல்கிறது. ஒரே மொழி, ஒரே சாதிக் கொடுமை, ஒரே டெல்டா நிலம் என்ற நிலையில் உள்ள காரைக்காலுக்காக இக்கோரிக்கையைப் புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இரு சட்டமன்றங்களிலும் எழுப்பச் செய்வது நமது அமைப்புகளின் கடமை. இதில் நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய அச்சமும் ஒன்று உண்டு. சிறிய ஒன்றியப் பகுதியின் குறைந்த இடங்களைத் தமிழ்நாட்டு விண்ணப்பதாரர்கள் நிரப்பிவிடுவார்கள் என்ற புதுச்சேரி மண்ணின் தலித் மக்களின் அச்சம் நியாயமானது. காரைக்கால் மாணவருக்குத் தமிழ்நாட்டில் உரிமை என்ற கோரிக்கை, அந்த அச்சத்துக்கும் விடை கூறும் வகையில் வடிவமைக்கப்பட வேண்டும்.

சட்டம் பெயரிடாத பதவி

சான்றிதழ் கதவைக் கடந்தாலும் அடுத்த கதவு காத்திருக்கிறது. மனித மருத்துவத்தில் பணிபுரியும் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பருக்கு 2021-ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் பெயரும் பதிவேடும் கல்வித் தரமும் வகுத்துள்ளது. கால்நடை மருத்துவருக்கு 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம் உள்ளது. விலங்கின் இரத்தத்தைப் பரிசோதிக்கும் தொழில்நுட்பர் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறார். முதல் சட்டத்தின் அக்கறை மனித நோயாளி; இரண்டாவது சட்டத்தின் பதிவேடு பட்டம் பெற்ற கால்நடை மருத்துவருக்கு உரியது.

உயிரியல் பூங்காக்களை ஒழுங்குபடுத்தும் சட்டமும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் சேர்க்கப்பட்ட அத்தியாயத்தின்படி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்தது. அதன் அங்கீகாரமின்றி எந்தப் பூங்காவும் இயங்க முடியாது. 2009-ஆம் ஆண்டின் அங்கீகார விதிகள், பெரிய, நடுத்தரப் பூங்காக்களில் கால்நடை மருத்துவமனையும் அடிப்படை நோயறி வசதிகளும் இருக்க வேண்டும் என்கின்றன. வசதி இருக்க வேண்டும் என்று சொன்னால் போதாது. அதை இயக்கும் தகுதியுள்ள மனிதர் நிரந்தரப் பணியிடத்தில் இருக்க வேண்டும் என்பதும் அங்கீகார நிபந்தனையாக வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடம் இருந்தால்தான் இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பதிவேட்டில் அதற்கோர் எண் கிடைக்கும். பணியிடமே இல்லாவிடில் இடஒதுக்கீடும் இல்லை.

ஒப்பந்தம் என்னும் பின்வாசல்

மூன்றாவது கதவு ஒப்பந்த முறை. மத்திய அரசுப் பணிகளில் 45 நாட்களும் அதற்கு மேலும் நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு என்பது பணியாளர் துறையின் அறிவுரை. ஆனால் நிறுவனம் தானே நியமிக்காமல், ஆள்வழங்கும் ஒப்பந்ததாரரிடமிருந்து 'சேவை' பெற்றால், அது நியமனமே அன்று என்றாகிவிடுகிறது. சுழற்சிப் பதிவேடு திறக்கப்படுவதே இல்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதைச் சில விதிவிலக்குகளுடன் தடை செய்கிறது. 50-க்கும் குறையாத ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடங்களுக்கு இது பொருந்தும். ஆனால் கூட்டுதல், சுத்தம் செய்தல், எல்லா வகைக் கழிவுகளையும் அகற்றுதல் ஆகியவை, அந்நிறுவனம் அதற்கென்றே அமைந்ததாக இல்லாத வரை, மையப் பணி அல்ல என்று அதே தொகுப்பு வரையறுக்கிறது. உயிரியல் பூங்காவில் இதன் விளைவைக் கவனியுங்கள். கூண்டிலிருந்து நோயறிதலுக்காகச் சாணம் எடுப்பவரின் பணியை ஒப்பந்தத்தில் 'துப்புரவு' என்று எழுதிவிட்டால், அவர் தடையின் பாதுகாப்பை இழக்கிறார். மேலே நாம் சொன்ன பெயரின் அரசியல் இங்கே சட்டத்தின் வாசகமாகவே வந்து நிற்கிறது.

நீதிமன்றங்களில் வழி முற்றிலும் அடைபடவில்லை. 2006-இல் உமாதேவி வழக்கின் தீர்ப்பு, முறைப்படி நியமிக்கப்படாதவர் நிரந்தரம் கோர முடியாது என்றது. 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில், ஒரே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் நிரந்தர ஊழியரின் அடிப்படை ஊதியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் நெடுங்காலம் துப்புரவு உள்ளிட்ட பணிகளைச் செய்தோரை நிரந்தரப்படுத்த ஆணையிட்டது. உமாதேவி தீர்ப்பை உழைப்புச் சுரண்டலுக்குக் கேடயமாக்குவதையும் கண்டித்தது. அந்த வழக்கை நடத்தி வென்றவர்களில் பெரும்பாலோர் துப்புரவுப் பணியாளர்கள் என்பதை நம் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நோய் வந்தால் யார் பொறுப்பு?

நான்காவது கதவு உடல் நலம். எலிக்காய்ச்சல், காசநோய், வெறிநாய்க்கடி நோய், பறவைக் காய்ச்சல் ஆகியவை விலங்கிலிருந்து மனிதருக்குப் பரவக்கூடியவை. 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, முதற்பகுதியில் முதலாவதாகவே தொற்று நோய்களையும் ஒட்டுண்ணி நோய்களையும் வைத்தது. சுகாதாரம் மற்றும் ஆய்வுக்கூடப் பணி, கால்நடை மருத்துவப் பணி, விலங்குகளையோ அவற்றின் பிணங்களையோ கையாளும் பணி ஆகியவற்றை அது பெயர் சொல்லிக் குறித்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொழில்சார் நோய்களுக்கான அட்டவணை தொடர்கிறது.

இதன் பலம் மெய்ப்பிக்கும் பொறுப்பில் உள்ளது. முதற்பகுதியில் சொல்லப்பட்ட வேலையில் இருப்பவருக்கு அந்த வேலைக்குரிய நோய் வந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படாதவரை, அது பணியால் வந்த தீங்கு என்றே கொள்ளப்படும். குறைந்தபட்சப் பணிக்காலம் எதையும் காட்ட வேண்டியதில்லை. ஒப்பந்ததாரர் வழியாக வந்தவருக்கும் முதன்மை வேலையளிப்பவரிடமே இழப்பீடு கோரலாம். இங்கே கூண்டில் நிற்பவரையும் ஆய்வுக்கூடத்தில் அமர்பவரையும் சட்டம் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1923-ஆம் ஆண்டின் சட்ட அட்டவணைக்குத் தெரிந்த உண்மை, இன்றைய ஒப்பந்தப் புள்ளி எழுதுபவருக்குத் தெரியவில்லை.

ஆனால் வேலையில் சேர்ந்த நாளில் உடல்நலம் எப்படி இருந்தது என்பதற்கும், எந்த நாளில் எந்த விலங்கின் மாதிரியைக் கையாண்டார் என்பதற்கும் பதிவு வேண்டும். பணியாணை, வருகைப் பதிவு, ஊசி குத்திய நிகழ்வு குறித்த எழுத்து மூலமான முறையீடு ஆகியவற்றின் நகலை ஊழியர் தம் வீட்டில் வைத்திருக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் இழப்பீட்டு வழக்குகள் பெரும்பாலும் சட்டத்தால் தோற்பதில்லை. காகிதம் இல்லாததால் தோற்கின்றன.

நாம் செய்ய வேண்டியவை

கல்லூரி மாணவர் அமைப்புகளுக்கு எங்கள் பரிந்துரை எளியது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ், அரசு உயிரியல் பூங்கா ஒவ்வொன்றிடமும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ஆய்வுக்கூடத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை? அவற்றின் இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பதிவேட்டின் நகல் எங்கே? ஒப்பந்ததாரர் வழியாக எத்தனை பேர், எந்தப் பணிப்பெயரில் அமர்த்தப்பட்டுள்ளனர்? விலங்குகளைக் கையாளும் ஊழியர் அனைவருக்கும் மருத்துவப் பரிசோதனையும் தடுப்பூசியும் செய்யப்பட்டதற்கான பதிவேடு உள்ளதா? இறந்த விலங்கின் உடலை அகற்றும் பணிக்கு முறைப்பட்டியல் உண்டா? 30 நாட்களுக்குள் விடை தரப்பட வேண்டும். விடை வராவிடில் மேல்முறையீடு செய்யலாம். இவ்விடைகள் இல்லாமல் நாம் எழுப்பும் முழக்கம் எதுவும் நீதிமன்றத்தில் நிற்காது.

கோரிக்கைகளும் தெளிவானவை. பூங்கா அங்கீகார விதிகளில் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் பணியிடம் கட்டாயமாக்கப்பட வேண்டும். மனித ஆய்வுக்கூடப் படிப்பு முடித்தவர்களுக்குக் கால்நடைப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகையுடன் கூடிய குறுகியகால விலங்கு நோயறி பயிற்சி வேண்டும். பல ஆண்டுகள் மாதிரி சேகரித்த காப்பாளர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் அப்பயிற்சியில் இடம் வேண்டும். காரைக்கால் சான்றிதழின் எல்லைச் சிக்கல் நாடாளுமன்றத்துக்குச் செல்ல வேண்டும்.

அந்த மாணவியை மீண்டும் சந்தித்தபோது, மேலே எழுதியவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். மத்திய அரசுப் படிவத்தில் சாதிச் சான்றிதழ் வாங்கி வைக்கும்படியும், போபால், டெல்லி அறிவிப்புகளைத் தொடர்ந்து பார்க்கும்படியும், வண்டலூருக்குப் பொதுப் பிரிவிலேனும் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம் என்றும் கூறினோம். அவருடைய சித்தப்பாவும் உடனிருந்தார். திருமலைராயன்பட்டினத்துப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் அவர் வேலை செய்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. மாடு கழிசலில் விழும் முன்பே சாணத்தின் நிறத்தையும் வாடையையும் வைத்துத் தாம் முதலாளியிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். "அதுக்குப் பேரு என்னன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அதற்குப் பெயர் நோயறிதல் என்று அவருடைய அண்ணன் மகள் சொன்னார்.